பதினோரு மில்லிமீட்டர்

மேலகரத்தில் பகல் பத்து மணிக்குத் தூங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு சத்தமான ஊர் என்று தெரியும். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வண்டியெல்லாம் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போக வேண்டும். சீசன் மாதங்களில் வேன்களுக்குள் பாட்டு வேறு அலறும். காய்கறி வண்டிக்காரர் தன் குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் ஓடவிட்டிருப்பார். அவர் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாலும் தக்காளி, தக்காளி என்று அது கத்திக்கொண்டே இருக்கும். நான் ஜன்னலில் கறுப்புத் துணியை இரண்டாக மடித்து ஆணி அடித்து வைத்திருந்தேன். காதில் பஞ்சு. ஃபேன் முழு வேகத்தில். அப்படியும் உறக்கம் வராது. பன்னிரண்டு மணிக்கு எழுந்து தண்ணீர் குடிப்பேன். ஒரு மணிக்குத் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிப் படுப்பேன். மூன்று மணிக்கு மேல் கொஞ்சம் கண் அசரும். அதற்குள் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிடுவார்கள்.

என் வேலை அப்படி. அமெரிக்காவில் உள்ள சில மருத்துவமனைகளுக்கு நோயாளிகள் போன் செய்தால், அந்தப் போனை இங்கிருந்து எடுத்து, டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். அவர்களுக்குக் காலை என்றால் நமக்கு இரவு. மாலை ஆறரைக்கு உட்கார்ந்தால் அதிகாலை மூன்றரைக்கு எழலாம். முதலில் சென்னையில் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். கொரோனா காலத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள், பிறகு திரும்பக் கூப்பிடவே இல்லை. கல்யாணமாகி மேலகரத்துக்கு வந்தபோது லேப்டாப்பும் ஹெட்போனும் சீர்ப் பாத்திரங்களோடு என் கூடவே வந்தன.

என் கணவர் தோஹாவில் ஏசி மெக்கானிக். பதினோரு மாதம் அங்கே, நாற்பது நாள் இங்கே. மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான். நான் அவரை மாமி என்று கூப்பிடுவேன். தென்காசியில் ஒரு துணிக்கடைக்கு நைட்டி தைத்துக் கொடுப்பார். வேலை செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிற ஆளே இல்லை. கை சும்மா இருந்தால் கதவுத் தாழ்ப்பாளுக்காவது எண்ணெய் விடுவார்.

எனக்குத் தேதி தப்ப ஆரம்பித்தது கல்யாணமான இரண்டாவது வருடம். சென்னையில் இருந்தபோதே ஒழுங்கு இல்லைதான், ஆனால் அப்போது அது யாருக்கும் பிரச்சினையில்லை. இப்போது முப்பத்தேழு நாள், நாற்பத்தைந்து நாள், ஐம்பத்திரண்டு நாள் என்று போனில் இருந்த செயலி சிவப்புக் கோடுகளை நீட்டிக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவை தள்ளிப்போகும்போதும், கணவர் ஊரில் இருந்துவிட்டுப் போன மாதமாக இருந்தால், நெஞ்சுக்குள் ஒரு ஆசை வந்துவிடும். மெடிக்கலில் கர்ப்பச் சோதனைப் பட்டை வாங்கி வருவேன். ஒற்றைக் கோடு. மூன்று நாள் கழித்து இன்னொன்று. அதுவும் ஒற்றைக் கோடு.

ஒன்றை நான் மறைக்க முடியாது. விலக்கான நாட்களில் எங்களுக்குத் தொழுகை இல்லை. ஆகையால் நான் தொழுவதற்கு முசல்லாப் பாயை விரிக்கிறேனா இல்லையா என்பதைப் பார்த்தே மாமிக்கு எல்லாம் தெரிந்துவிடும். நாற்பது நாளாக விடாமல் தொழுதுகொண்டிருந்தால் அவர் குழம்பில் மீன்துண்டை எனக்குக் கூடுதலாக வைப்பார். நாற்பத்தாறாவது நாள் நான் தொழவில்லை என்றால் தையல் மெஷினில் போய் உட்காருவார். ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. தெருவில் யாராவது, "உம் மருமவ முழுகாம இருக்காளா?" என்று கேட்டால், "அல்லா தரும்போது தருவான், நீ நைட்டிக்கு அளவு சொல்லு" என்பார்.

கொஞ்ச நாளாக மாமி ராத்திரியிலும் தைக்க ஆரம்பித்திருந்தார். பக்கத்து அறையில் நான் பேசிக்கொண்டிருக்கையில் கடகடவென்று மெஷின் ஓடும். ஒருமுறை அமெரிக்காவில் ஒரு அம்மாள், அங்கே என்ன சத்தம் என்று கேட்டார். மழை என்று சொல்லிவிட்டேன். என்னைக் காவல் காக்கத்தான் விழித்திருக்கிறார் என்று நினைத்து எரிச்சல்பட்டேன். யாரோடு பேசுகிறாள், என்ன பேசுகிறாள் என்று காதைத் தீட்டி உட்கார்ந்திருப்பதாக என் அம்மாவிடம் போனில் புகார்கூடச் சொன்னேன்.

கணவர் லீவுக்கு மூன்று மாதம் முன்னாடியே எழுதிக்கொடுக்க வேண்டும். அந்தத் தடவை போனில் கேட்டார்.

"எப்பம் வந்தா சரியா இருக்கும்?"

"எதுக்கு மச்சான்?"

"எதுக்குன்னு கேக்கா பாரு. இங்கன கூட இருக்கிற பயலுவ எல்லாம் பொண்டாட்டிட்ட கேட்டுத்தான் டிக்கெட் போடுதான். உனக்குத் தேதி தெரியும்லா?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு பேப்பரில் போன ஆண்டின் தேதிகளையெல்லாம் எழுதிக் கூட்டி, வகுத்து, சராசரி எடுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு நூறு அமெரிக்கர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறவள், என் உடம்பில் ஒரு முட்டை எப்போது முதிரும் என்று சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "ஜூன்ல வாங்க, சாரல் இருக்கும்" என்றேன்.

அவர் வந்து இறங்குவதற்குப் பத்து நாள் முன்னால் எனக்கு விலக்கானது. சரியான நேரம் என்று தோன்றியது. தென்காசியில் ஒரு சின்ன கிளினிக்கில் பெண்டாக்டர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டு உட்பட எல்லாம் சரியாகவே வந்தது. பன்னிரண்டாம் நாள் ஸ்கேனுக்கு வரச் சொன்னார்.

"வேலைக்குப் போறீங்களா?"

"வீட்டிலிருந்தே பாக்கேன் மேடம். கம்ப்யூட்டர் வேலை."

சொன்னதில் பொய் இல்லை. ஆனால் முழுசாகவும் சொல்லவில்லை. ராத்திரி வேலை என்றால் விடச் சொல்லிவிடுவார் என்று பயம்.

பன்னிரண்டாம் நாள் முட்டைப்பை பத்து மில்லிமீட்டர் இருந்தது. முட்டை இருக்கிற அந்தச் சின்ன நீர்ப்பை பதினெட்டு, இருபது வரை வளர்ந்து வெடிக்க வேண்டும் என்று டாக்டர் திரையைக் காட்டிச் சொன்னார். பதினாறாம் நாள் பதினொன்று. இருபதாம் நாளும் பதினொன்று. கணவர் வந்து பத்து நாள் ஓடியிருந்தது. வீட்டில் தினம் ஆட்டுக்கறி, மாம்பழம், ரம்புட்டான். ராத்திரி நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவர் தூங்கிவிடுவார். காலையில் அவர் எழும்போது நான் படுக்கப் போவேன். ஒரே கட்டிலை ஷிப்டு போட்டுப் பயன்படுத்துகிறோம் என்று அவரே கேலி செய்தார். இரண்டாம் தடவை அதைச் சொன்னபோது அவர் குரலில் கேலி இல்லை.

இருபதாம் நாள் ஸ்கேனுக்கு மாமியும் கூட வந்தார். டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒரே இடத்துல நிக்குது. நீங்க தினம் எத்தனை மணிக்குப் படுப்பீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார்.

"அவ எங்கன படுக்கா டாக்டர்? விடிய விடிய அமெரிக்காக்காரிட்ட பேசுதா. பகல்ல படுப்பா, ஆனா தூங்க மாட்டா. புரண்டு புரண்டு கட்டில் கிடந்து கத்தும். எனக்குக் கேக்கும்லா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் ஃபைலின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு தலையும், கீழே இரண்டு சின்ன வட்டங்களும் வரைந்தார்.

"மூளைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. கண்ணுல படுற வெளிச்சத்தை வச்சுத்தான் அது நேரத்தைச் சரி பண்ணிக்கும். ஓவரி, அதாவது சினைப்பை, எப்ப எந்த ஹார்மோனைச் சுரக்கணும்னு மூளையிலிருந்து தகவல் வருது இல்லையா, அது அந்தக் கடிகாரத்தைப் பாத்துத்தான் வருது. முட்டையை வெடிக்க வைக்கிற ஹார்மோன் பெரும்பாலும் விடியக்காலம் பக்கமாத்தான் ஏறத் தொடங்கும். அது போக, ஓவரியில இருக்கிற செல்லுக்குள்ளேயும் தனித்தனியா சின்னக் கடிகாரம் ஓடுது. முட்டை வளர்ற வரைக்கும் ஈஸ்ட்ரோஜன், வெடிச்ச பிறகு புரோஜெஸ்டிரோன், இதையெல்லாம் எப்ப, எவ்வளவு செய்யணுங்கறதுல அதுக்கும் பங்கு இருக்கு. மேல ஒரு நேரம், கீழ ஒரு நேரம் ஓடுச்சுன்னா தடுமாறும்."

"அப்பம் அதனாலதானா?" என்றார் மாமி.

"அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. நைட் ஷிப்ட் பாக்கிற எத்தனையோ பேருக்குப் பிள்ளை இருக்கு. எனக்கே மாசத்துல எட்டு நாள் நைட் டூட்டி. என் தேதியும் சொன்ன பேச்சு கேக்காது. ஆனா இவங்களுக்கு மத்ததெல்லாம் சரியா இருக்கறப்ப, இதைத்தான் முதல்ல பாக்கணும். வளர்றதுக்கு மாத்திரை இருக்கு. அது விலக்கான ரெண்டாம் நாள், மூணாம் நாள் தொடங்கணும். இந்தத் தடவைக்கு நாள் கடந்துடுச்சு."

கிளம்பலாம் என்று எழுந்தேன். மாமி எழவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

"டாக்டர், எனக்கும்தான் தூக்கம் இல்ல."

"வயசு என்ன?"

"அம்பது முடியப் போவுது."

"கடைசியா எப்ப வந்துச்சு?"

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டு, "நோம்புக்கு முன்னால" என்றார். "ராத்திரி ரெண்டு மணி ஆனா நெஞ்சுல தீ வச்ச மாதிரி ஏறுது. சட்டை நனைஞ்சுருது. படுத்தா பயமா வருது. அதான் எந்திரிச்சு மெஷின்ல உக்காந்துருவேன்."

எனக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை மாதமும் என் முசல்லாவை அவர் கவனித்தார் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அவர் விடாமல் தொழுததை நான் கவனிக்கவே இல்லை. மாதத்தில் ஒரு நாளும் விடுபடவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டர் மாமியின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். சினைப்பை தன் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறது, அப்போது ஹார்மோன் ஏறி இறங்கும், உடம்புச் சூடும் உறக்கமும் தட்டுக்கெடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். மாமிக்கும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு பேரும் காலையில் வெயில் படுகிற மாதிரி நடங்கள் என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் ஏறியதும் மாமி, "அவன்கிட்ட இதச் சொல்லாத" என்றார். எதைச் சொல்லக் கூடாது, அவர் கதையையா என் கதையையா என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை காலை, என் வேலை மூன்றரைக்கு முடிந்ததும் ஐந்தருவிக்குப் போகலாம் என்று கணவர் தயாராக நின்றார். தோஹாவில் ஐம்பது டிகிரி வெயிலில் மொட்டைமாடிகளில் ஏறி நிற்கிறவர். வந்த நாள் முதல் அருவி அருவி என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் தூங்காத கண்ணோடு பைக்கில் ஏறினேன். மலைப் பக்கம் மேகம் இறங்கி இருட்டாகக் கிடந்தது. பெண்கள் பகுதியில் கூட்டம் இன்னும் சேரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் தலையைக் கொடுத்தேன். அது தலையில் விழுந்த விதத்தில் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. நாள், மில்லிமீட்டர், லீவு எதுவும் இல்லை. ஐந்து நிமிடம் இருக்கும். விசில் சத்தம் கேட்டது. தண்ணீர் நிறம் மாறுகிறது, எல்லாரும் வெளியே வாருங்கள் என்று போலீஸ் கத்தினார்கள். ஈரத் துணியோடு ஓடி வந்து நின்று திரும்பிப் பார்த்தபோது, நான் நின்ற இடத்தில் செம்மண் கலந்த வெள்ளம் மரக்குச்சிகளோடு விழுந்துகொண்டிருந்தது.

டீக்கடையில் உட்கார்ந்ததும் கணவர் ஆரம்பித்தார்.

"வேலைய விட்டுரேன். இப்ப என்னத்துக்கு இந்த வேல? நான் சம்பாதிக்கலியா?"

"நீங்க விட்டுட்டு வாங்களேன்."

"நான் எப்படி விட முடியும்?"

"நான் மட்டும் எப்படி விட முடியும்? வருஷத்துல நாப்பது நாள் இருக்கிய. மிச்ச நாளெல்லாம் எனக்கு என்ன இருக்கு சொல்லுங்க. அந்தப் போன்ல ஒருத்தி, உன் குரலைக் கேட்டா நிம்மதியா இருக்குன்னு சொல்லுதா. இங்க யாரு சொன்னா?"

அவர் பாதி டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சாரல் வலுத்திருந்தது. பைக்கில் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கோபத்தில் தோளைப் பிடிக்கவில்லை, பின்கம்பியைத்தான் பிடித்திருந்தேன். அதன் பிறகு எனக்கு நினைவிருப்பது, அவர் என் மேல்கையை இறுக்கிப் பிடித்து இழுப்பதும், வண்டி ரோட்டோரச் சகதியில் சரிந்து நிற்பதும்தான். நான் தூங்கிப்போயிருக்கிறேன். உடம்பு ஒரு பக்கம் சாய்வதை உணர்ந்து, ஒரு கையால் வண்டியையும் ஒரு கையால் என்னையும் பிடித்திருக்கிறார். பின்னால் வந்த சுற்றுலா வேன் ஹாரனை அழுத்திக்கொண்டே எங்களைச் சுற்றிப் போனது.

அவர் திட்டவில்லை. வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார்.

"பிள்ள இல்லன்னாலும் போட்டும்ட்டி" என்றார். "எனக்கு நீ வேணும்."

எனக்கு அழுகை வரவில்லை. கொட்டாவிதான் வந்தது. அதை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன். அதைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார்.

சேர்த்து வைத்திருந்த லீவு முழுவதையும் எழுதிக் கொடுத்தேன். உடனே கிடைக்கவில்லை; ஆள் ஏற்பாடு செய்யக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆனது. கடைசியில் கணவர் ஊரில் இருக்கும் இறுதிப் பன்னிரண்டு நாட்கள் எனக்குக் கிடைத்தன. ஜன்னலில் அடித்திருந்த கறுப்புத் துணியை அவரே பிடுங்கினார். முதல் நான்கு நாள் ராத்திரி மூன்றரை வரை கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தேன். ஐந்தாம் நாள் இரண்டு மணிக்கு உறங்கினேன். எட்டாம் நாள் பதினொன்றரைக்கே. காலையில் எழுந்தபோது வயிற்றில் நல்ல பசி இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த பசி அது. மாமியோடு காலையில் ரோட்டில் நடந்தேன். விலக்கு மட்டும் வரவில்லை. சோதனைப் பட்டை ஒற்றைக் கோடுதான் காட்டியது.

விலக்கிலிருந்து எண்ணினால் ஐம்பதாம் நாள் கணவர் கிளம்பினார். செங்கோட்டை, புனலூர் வழியாகத் திருவனந்தபுரம் போய் விடிகாலை விமானம். அடுத்த நாள், இன்னும் ஏன் விலக்காகவில்லை என்று பார்க்க டாக்டரிடம் போனேன். அவர் ஸ்கேன் திரையை என் பக்கம் திருப்பினார்.

"பாருங்க. பதினெட்டு."

நான் எழுந்து உட்காரப் போனேன். படுங்க, படுங்க என்றார். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"பழசு போய் புதுசா ஒண்ணு வளந்திருக்கு. ரெண்டு மூணு நாள்ல வெடிச்சிடும். இன்னைக்கு, நாளைக்கு, நாளான்னைக்கு. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க."

"அவரு இன்னைக்குக் காலைலதான் தோஹால இறங்குனாரு மேடம்."

டாக்டர் திரையை அணைத்தார். துடைத்துக்கொள்ளத் துணியை நீட்டியபோது, "சாரி" என்றார்.

வெளியே மாமி டோக்கன் அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன சொன்னா?" என்றார். "வளந்துட்டு மாமி" என்றேன். அவர் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. விரல்விட்டு எதையோ எண்ணினார். "யா அல்லா" என்று மட்டும் சொன்னார். பஸ் ஏறினோம். இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்ததில் மேலகரம் போய்விட்டது தெரியவில்லை. குற்றாலம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் வந்து, "எல்லாம் எறங்குங்க, அங்கன என்ன பாத்துக்கிட்டு இருக்கிய?" என்று எழுப்பினார்.

அங்கேயே ஒரு சிப்ஸ் கடை ஓரமாக நின்று அவருக்குப் போன் செய்தேன். அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"திரும்ப டிக்கெட் போடட்டா?"

"போடுங்க."

முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். பாஸ்போர்ட் கம்பெனி அலுவலகத்துக்குப் போய்விட்டது. இருந்தாலும் அவர் டிக்கெட் விலையைப் பார்த்துச் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். எண்ணெய்ச் சட்டியில் நேந்திரங்காய் பொரிகிற சத்தம். மாமி கொஞ்சம் தள்ளி, எங்களுக்குக் காது கொடுக்காமல், திரும்பி நின்றார்.

இரண்டு வாரம் கழித்து, அறுபத்தாறாம் நாள், விலக்கானது. அன்றே சென்னையில் இருந்த என் மேலதிகாரிக்குப் போன் போட்டுப் பகல் வேலை கேட்டேன். ராத்திரிப் படி போய்விடும், போன் எடுக்க முடியாது, மற்றவர்கள் பேசிய பதிவுகளைக் கேட்டு மார்க் போடுகிற வேலைதான் இருக்கிறது என்றார் அந்த அம்மாள். சரி என்றேன். அந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. முன்பு என்னோடு பேசிய பெண்கள் வேறு யாரிடமோ பேசுவதை மறுநாள் கேட்க வேண்டும். ஒருத்தி, போன தடவை பேசிய பெண் எங்கே என்று கேட்டிருந்தாள். அந்தப் பதிவை இரண்டு முறை கேட்டேன்.

உறக்கமும் உடனே திரும்பிவிடவில்லை. அதிகாலை மூன்றரைக்கு ஒரு விழிப்பு வந்துவிடும். வேலை முடிந்த நேரம் என்று உடம்பு நினைக்கிறதோ என்னமோ. சில நாட்கள் சமையல்கட்டில் மாமியும் வேர்த்துப்போய்த் தண்ணீர் குடிக்க வந்து நிற்பார். ராத்திரியில் விளக்கைப் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் இருட்டிலேயே செம்பைத் தேடுவோம். நாற்பத்தொன்று, முப்பத்துநான்கு, முப்பத்தொன்று என்று என் நாட்கள் குறைந்து வந்தன. மாமிக்கு ஒரு மாதம் திடீரென்று வந்தது, பிறகு நின்றது.

ஜனவரியில் கணவர், வேறொருவரோடு முறை மாற்றிக்கொண்டு பதினைந்து நாள் வந்தார். இந்தத் தடவை நான் தேதி சொன்னேன், அந்தத் தேதி சரியாக இருந்தது. ஸ்கேனில் இருபது வரை வளர்ந்து, வெடித்ததும் தெரிந்தது. அவர் திரும்பிப் போன பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் புரோஜெஸ்டிரோன் ஏறியிருந்தது. முட்டை வந்திருக்கிறது, இனி நம் கையில் இல்லை என்றார் டாக்டர். அதற்கடுத்த எட்டு நாளும் நான் நானாக இல்லை. நின்றால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் எழத் தோன்றியது. பால் பொங்கி இரண்டு முறை அடுப்பு அணைந்தது. மாடிப்படி ஏறலாமா, துணி துவைக்கலாமா என்று எதற்கெடுத்தாலும் போனில் தேடினேன்.

இருபத்தொன்பதாம் நாள் காலை விலக்காகிவிட்டது.

குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். வெளியே வந்தபோது மாமி நடைக்குப் போகச் செருப்பு போட்டுக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"வாட்டி, நடந்துட்டு வருவோம்" என்றார்.

பனி இன்னும் விலகவில்லை. குற்றாலம் போகிற ரோட்டில் வயல் பக்கமாக நடந்தோம். நாற்று நட்டிருந்த வயல்களில் கொக்குகள் நின்றன. கொஞ்சதூரம் போனதும் மாமி நின்றார். அந்தக் குளிரிலும் அவருக்கு முகம் சிவந்து, நெற்றி வேர்த்தது. தலையில் போட்டிருந்த துப்பட்டாவைத் தளர்த்தி விசிறிக்கொண்டார். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். சூடு இறங்குகிற வரைக்கும் நின்றோம்.

"உங்க மாமா சவூதில இருந்தாவ" என்று தொடங்கினார். "ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவாவ. அவுக வருத மாசமெல்லாம் எனக்கு என்னமாவது ஆயிரும். ஒண்ணு வந்த அன்னிக்கே விலக்கா நிப்பேன், இல்லாட்டி போன மறுநாள் சரியாவும். இவன் பொறக்க ஏழு வருஷம். அதுக்குப் பொறவு ஒண்ணும் நிக்கல. எல்லாரும் என்னத்தான் சொன்னாவ. நானும் எங்கிட்டத்தான் கொறன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், அந்த டாக்டர் பொண்ணு படம் போட்டுக் காட்டுத வரைக்கும். நாள் பொருந்தலன்னு அப்பம் யாரும் எங்கிட்ட சொல்லல ஏட்டி."

"மாமாகிட்ட சொன்னீங்களா?"

"என்னத்தச் சொல்ல? எனக்கே தெரியலியே."

ஒரு டிராக்டர் எங்களைத் தாண்டிப் போனது. மாமி துப்பட்டாவைச் சரிசெய்து கொண்டார்.

"இருவத்தொம்பது நாள்லா?" என்றார்.

"ஆமா மாமி."

"போன மாசமும் இருவத்தொம்பதா?"

"ஆமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சந்தோஷப்படுகிறாரா, ஆறுதல் சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. எனக்கே என் மனசு புரியவில்லை. அழுகை பாக்கி இருந்தது. அதற்கு அடியில், போன வருடம் இல்லாத ஒரு தெம்பும் இருந்தது.

கணவர் இப்போது ஊரிலேயே ஏசி ரிப்பேர் கடை போடுவதைப் பற்றிப் பேசுகிறார். தென்காசியில் இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். நடக்குமோ நடக்காதோ. அடுத்த லீவு ஜூனில். இந்த முறை இரண்டாம் நாளிலிருந்தே மாத்திரை தொடங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நானும் மாமியும் அன்று வயல் முடிகிற பாலம் வரை நடந்தோம். பாலத்தின் மேல் நின்றபோது மலைக்கு எதிர்ப்பக்கத்தில் வெயில் ஏறி எங்கள் முகத்தில் விழுந்தது. மாமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "நல்லா படட்டும், நில்லு" என்றார். நின்றோம்.